ஃபிஸ்டுலாவில் அடைப்பு: கை வைத்துப் பார்த்தே தெரிந்தது

டயாலிசிஸுக்காக இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டபோதே, தினமும் அதன்மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தமனியிலிருந்து ரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் தோலுக்கடியில் மெல்லிய அதிர்வு ஒன்று விடாமல் இருக்கும். த்ரில் என்பார்கள். கையைக் காதோடு ஒட்டி வைத்தால் 'ஹூஷ்' என்று தாழ்ந்த குரலில் சத்தமும் கேட்கும்.

ஒருநாள் காலையில் அது மாறியிருந்தது. விடாத அதிர்வு போய், நாடித்துடிப்பு போல 'டக், டக்' என்று விரலைத் தட்டியது. சத்தமும் விட்டுவிட்டு, விசில் மாதிரி கீச்சென்று வந்தது. வலியில்லை, வீக்கமில்லை. தொட்டுப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது, அதுதான் இதில் பயம்.

அன்றே டயாலிசிஸ் யூனிட்டில் சொன்னேன். சில வாரங்களாக வீனஸ் பிரஷர், அதாவது ரத்தம் மெஷினிலிருந்து உடலுக்குத் திரும்பும்போது உள்ள அழுத்தம், ஏறி வருவதை டெக்னீஷியன் குறித்து வைத்திருந்தார். ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்கவும் முன்பைவிட நேரமாகிக்கொண்டிருந்தது. டாக்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். அப்படித் தூக்கினால் ஃபிஸ்டுலா சிரை தளர்ந்து அமுங்க வேண்டும். எனக்கோ முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை புடைத்தபடியே நின்றது, அதற்கு மேல் அமுங்கிவிட்டது. "இந்த இடத்துலதான் குறுகியிருக்கு" என்று அங்கேயே விரலை வைத்தார். ஒரு கருவியும் இல்லாமல் இவ்வளவு சொல்லிவிட முடிகிறதே என்று இன்றும் வியப்புதான்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அதை உறுதி செய்தது. குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுப்பதால் திரையில் சிவப்பும் நீலமும் கலந்து சிதறின. சிரையின் விட்டம் பாதிக்கும் கீழே போயிருந்தது. நிமிடத்துக்கு 500 மில்லிக்குக் கீழே ஓட்டம் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பார்கள். என்னுடையது அதற்கும் கீழே.

அப்புறம் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது குறுகிய இடத்துக்குள் சின்ன பலூனை விட்டு விரித்து அகலமாக்குவது. கை மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். பலூன் விரியும்போது நன்றாகவே வலித்தது, ஆனால் முடிந்த கையோடு பழைய அதிர்வு விரலுக்குக் கிடைத்துவிட்டது.

அதே இடம் மறுபடி குறுகக்கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதிர்வு மாறினால் அன்றைக்கே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். அடியோடு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். ரத்தம் உறைந்துபோன ஃபிஸ்டுலாவை நேரம் கடந்தபின் மீட்பது கஷ்டம்.