முதல் நாள் பேதியும் பால் கணக்குக் காலண்டரும்

பத்து வருஷமாக நான் பரோட்டாவைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பீரியட்ஸ் வரும் முதல் நாள் காலையில் வயிற்றைக் கலக்கும், நாலு தடவை அஞ்சு தடவை என்று பாத்ரூமுக்கு ஓடுவேன், அடிவயிற்று வலி ஒரு பக்கம், இது ஒரு பக்கம், எது எந்த வலி என்று பிரிக்கவே முடியாது. முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தால் ஏதாவது ஒன்று மாட்டிவிடும். தெருமுனைக் கடை பரோட்டா, ஆபீஸில் யாரோ பிறந்தநாள் என்று நீட்டிய கேக், ஒன்றுமே இல்லையென்றால் வீட்டில் புளித்துப்போன தோசை மாவு. பாட்டி இருந்தவரை "உடம்புச் சூடுடி" என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பாள். டாக்டரிடம் போனால் "வெளியில சாப்பிட்டீங்களா?" என்பார். பீரியட்ஸ் எப்போது வந்தது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பேதி என்று சொல்லவே கூச்சம், இதில் அதையும் சேர்த்து எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது ஒரு பகல் பஸ். திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன், பெரம்பலூர் தாண்டும்போது ஆரம்பித்தது. கண்டக்டரிடம் போய் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, உளுந்தூர்பேட்டை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், அங்கே பஸ் நின்ற ஓட்டலின் கழிப்பறையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும், விடுங்கள். அன்றைக்கு நான் காலையில் சாப்பிட்டது இரண்டே இரண்டு இட்லி. இட்லியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சமையலறைச் சுவரில் அம்மா பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் காலண்டர் ஒன்று தொங்கும். அதிலேயே நானும் குறிக்க ஆரம்பித்தேன். வயிறு மந்தமாக, உப்பிக்கொண்டு, ஒழுங்காகப் போகாத நாளுக்கு 'ம'. போக்கு உள்ள நாளுக்கு 'போ'. பீரியட்ஸ் வந்த நாளுக்கு ஒரு வட்டம். அம்மா நாலு நாள் பார்த்துவிட்டு "ஏண்டி, எங்க போற?" என்று கேட்டாள். மூன்று மாசத்தில் படம் தெளிந்துவிட்டது. வட்டத்துக்கு முந்தின நாலைந்து நாள் 'ம' 'ம' என்று வரிசையாக இருக்கும், வட்டத்துக்குள்ளே 'போ'. நடுவில் இரண்டு தடவை பரோட்டா சாப்பிட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பாவம் அது.

காரணம் இவ்வளவுதான். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும் சமயத்தில் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகிறது, கர்ப்பப்பையின் தசையை இறுக்கிப் பிழிய வைப்பது அதுதான், நாம் வலி என்று சொல்வது அந்தப் பிழிதலைத்தான். குடலில் இருப்பதும் அதே மாதிரியான தசை, பக்கத்து வீடும்கூட. அதனால் அதுவும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு உள்ளே இருப்பதை அவசரமாகத் தள்ளுகிறது. சிலருக்கு வரும் குமட்டலுக்கும் தலைவலிக்கும்கூட இதற்குப் பங்கு உண்டு. முந்தின நாட்களின் மந்தத்துக்கு முக்கியமான ஆள் வேறு, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். முட்டை வெளியான பிறகு அது ஏறும், குடலைத் தளர்த்தி மெதுவாக்கிவிடும், அது இறங்கும்போது பீரியட்ஸ் வரும். ஒரு வாரம் பூட்டு, ஒரே காலையில் மடை திறப்பு. இடையில் ஒரு வேடிக்கை: இந்தப் புரோஸ்டாகிளாண்டினுக்கு 1930களில் உல்ஃப் வான் ஆய்லர் என்பவர் பெயர் வைத்தபோது, அது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று நினைத்துத்தான் அப்படி வைத்தார். மாசாமாசம் நம் வயிற்றைப் பிசைவதன் பேர் அவர்கள் வீட்டுப் பேர்!

சரி, என்ன செய்கிறேன்? வட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்துவிடுவேன், உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஏற்கெனவே உப்பிய வயிறு இன்னும் உப்பும். கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர், சாயங்காலம் ஒரு நடை. முதல் நாள் காலை வெறும் வயிற்றில் காபி கிடையாது. இது எனக்குப் பெரிய தியாகம்தான், ஆனால் காபி தானாகவே குடலைத் தள்ளிவிடும் சாமான், அன்றைக்கு அதற்கு உதவி வேறு தேவையில்லை. இட்லி, மோர் சாதம், உப்புப் போட்ட கஞ்சி. ரொம்பப் போனால் ஓ.ஆர்.எஸ்., அதுவும் பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில், ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடிப்பதில்லை. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை. எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை அந்தப் பை மேல்தான்.

மாத்திரை விஷயத்தில் நான் பண்ணிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டால்தானே போகும் என்று பட்டினி கிடந்து, வலி உச்சிக்குப் போன பிறகு வெறும் வயிற்றில் மெஃபனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரையைப் போட்டேன், நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. இந்த வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை, அதனால் வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போட்டால்தான் பிரயோஜனம். ஆனால் மெஃபனமிக் ஆசிடுக்கே பேதி ஒரு பக்கவிளைவு, சிலருக்கு மாத்திரைதான் போக்கைக் கூட்டும். அல்சர், ஆஸ்துமா, கிட்னி கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. 2023 கடைசியில் இந்திய மருந்துத் தர ஆணையமும் இதனால் அபூர்வமாக வரும் கடுமையான அலர்ஜி பற்றி எச்சரித்தது. போட்ட பிறகு காய்ச்சல், தோலில் தடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த மாத்திரை வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

எல்லாவற்றையும் பீரியட்ஸ் தலையில் கட்டிவிடவும் முடியாது. மலம் கழிக்கும்போதே கத்தியால் குத்துவது போல வலி, மாசாமாசம் அந்த நாட்களில் மட்டும் என்றால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளியே, குடல் மேலேகூட வளர்வது. என் தோழி ஒருத்தி வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை முழுங்கிய பிறகுதான் அது தெரிந்தது. மலத்தோடு ரத்தம், காய்ச்சல், பீரியட்ஸ் முடிந்தும் நிற்காத பேதி, நாள் தள்ளிப்போய் வயிற்றுவலி, இவற்றுக்கெல்லாம் கஞ்சி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது தேதி குறித்த காலண்டரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

போன வாரம் மாமா பெண் கல்யாணத்துக்குத் திருச்சி டிக்கெட் போடும்போது அம்மா காலண்டர் முன்னால் போய் நின்று விரலால் எண்ணினாள். அப்புறம் திரும்பி, "உனக்கு 'போ' பதினாலாம் தேதி வாக்குல வருது, பஸ் வேண்டாம், ரயில்ல போடு" என்றாள்.