ஃபீட் மோட்டார் திணறினால் முதலில் கை வைக்க வேண்டிய இடம்

இடம் விட்டு இடம் இழுத்துச் செல்லும் எங்கள் மர அறுவை இயந்திரத்தில் மரம் அசைவதில்லை, ரம்பம்தான் நகர்கிறது. டீசல் என்ஜின் சுழற்றும் பட்டை ரம்பத்தைத் தாங்கிய தலைப்பகுதியைத் தண்டவாளத்தின் மீது முன்னும் பின்னும் கொண்டுசெல்வது ஃபீட் மோட்டார் எனப்படும் ஒரு 12 வோல்ட் டி.சி. மோட்டார். அதன் விசை பெல்ட், கியர் பெட்டி, ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரம் வழியாக இறங்கி, நீளவாக்கில் கட்டிய செயினைப் பற்றி இழுக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், திசை மாற்ற ஒரு சுவிட்சும், இவற்றுக்கு நடுவே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கன்ட்ரோல் கார்டும் இருக்கின்றன. மரம் அறுப்பவர்கள் என்ஜினுக்குத் தரும் மதிப்பில் கால்பங்கைக்கூட இந்தச் சிறிய மோட்டாருக்குத் தருவதில்லை.

ஆனால் பலகையின் தரத்தைத் தீர்மானிப்பதில் இதன் பங்கு பெரிது. ரம்பம் வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது, பற்களின் இடைவெளி 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 1,100க்கும் மேற்பட்ட பற்கள் மரத்தைக் கடக்கின்றன. தலைப்பகுதி நிமிடத்துக்கு 15 மீட்டர் நகரும்போது ஒவ்வொரு பல்லும் ஏறத்தாழ 0.22 மில்லிமீட்டர் சீவுகிறது. வேகம் பாதியானால் சீவலும் பாதியாக மெலிந்து மாவாகிறது. அந்த மாவு ரம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கி உராய்ந்து ரம்பத்தைச் சூடாக்குகிறது. விட்டுவிட்டு நகர்ந்தாலோ, பலகையின் முகத்தில் அலை அலையாகக் கோடு விழும்.

மாமரங்களை அறுத்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் ஃபீட் அப்படித்தான் திணறத் தொடங்கியது. வெறுமனே ஓட்டினால் நன்றாக நகரும். மரத்துக்குள் நுழைந்ததும் தளரும், பிறகு நின்றுவிடும். பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தட்டினால் சிறிது தூரம் போகும். பார்த்தவர்கள் அனைவரும் கார்டு போய்விட்டது என்றே சொன்னார்கள். விலை அதிகமான பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று ஏனோ ஒரு வழக்கம் இருக்கிறது. சுமை கூடியதால் கார்டு எரிந்திருந்தால், சுமையைக் குறைக்காமல் மாட்டும் புதிய கார்டும் எரியும். ஆகவே சோதனையை மின்சாரத்தில் தொடங்காமல், மோட்டார் எதை இழுக்கிறதோ அதில் தொடங்குவதே சரி.

என்ஜினை நிறுத்தி, ரம்பத்தைக் கழற்றி, மோட்டாரின் பெல்ட்டை விலக்கிவிட்டுத் தலைப்பகுதியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். ஒருவர் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டியது, சில இடங்களில் தோள் கொடுத்தால்தான் அசைந்தது. ஈர மாமரத்தூளும் பாலும் மழைநீரும் சேர்ந்து தண்டவாளத்தின் அடிப்புறத்தில் சாந்துபோல் இறுகியிருந்தன. உருளைகளில் ஒன்று சுழலவே இல்லை, உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அதன் பேரிங்கை மாற்றி, தண்டவாளத்தைச் சுரண்டி டீசல் துணியால் துடைத்தோம். செயினையும் யாரோ கம்பிபோல் முறுக்கி வைத்திருந்தார்கள். அதில் சிறிது தொய்வு இருக்க வேண்டும். மிக இறுகினால் கியர் பெட்டியின் பேரிங் தேயும். மிகத் தளர்ந்தால் திசை மாற்றும்போது ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தாண்டிவிடும்.

பிறகுதான் மின்சாரம். தலைப்பகுதியில் கயிறு கட்டி உதவியாளர்கள் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க, திருகை முழு வேகத்தில் வைத்து அளந்தேன். குறைந்த வேகத்தில் கார்டு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பேட்டரியில் 12.3 வோல்ட்; மோட்டார் முனைகளில் 8.6. வழியில் தொலைந்த 3.7 வோல்ட்டைத் தேடி, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்துப் பார்த்தபோது, திசை மாற்றும் சுவிட்ச் மட்டுமே 2.5 வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. 230 வோல்ட்டில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. அப்போது ஓடிய 18 ஆம்பியரோடு பெருக்கினால் 45 வாட் வெப்பம், அத்தனையும் ஒரு சிறிய டப்பாவுக்குள்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒயர்களுக்கு அடையாளம் ஒட்டிவிட்டுச் சுவிட்சைத் திறந்தால், முன்னோக்கிய பக்கத்தின் செம்புத் தொடுமுனைகள் குழிந்து கறுத்துக் கிடந்தன. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நடுவில் நிறுத்தாமல் சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அங்கே பொறி பறக்கும். மென்மையான அரத்தால் ராவி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, வலுவிழந்த ஸ்பிரிங்கை மாற்றினேன். சாதாரண கிரீஸ் தடவ வேண்டாம். அது பொறியில் கருகிக் கரியாகும்.

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள், மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் தேய்ந்திருந்தன. அதே அளவு பிரஷ்கள், லாரிகளின் செல்ஃப் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையில் கிடைத்தன. பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றி, பட்டைகளின் இடுக்கிலிருந்த கரித்தூளைச் சுரண்டி எடுத்தோம். எமரித் தாளைத் தவிர்க்க வேண்டும். அதன் துகள்கள் செம்பில் பதிந்துகொண்டு புதிய பிரஷ்களைத் தேய்த்துவிடும்.

வேகத் திருகை டிஜிட்டல் மீட்டரைவிட முள் மீட்டரால் சோதிப்பது நல்லது. மெதுவாகத் திருகும்போது முள் ஓரிடத்தில் துள்ளினால், உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். எங்களுடையது சீராக ஏறியது. திருகு பூஜ்யத்தில் இருக்கும்போதே தலைப்பகுதி முழு வேகத்தில் பாய்ந்தால், கார்டின் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது திருகின் ஒரு ஒயர் அறுந்திருக்கலாம். அந்த நிலையில் ரம்பத்தை மாட்டி ஓட்டவே கூடாது.

எல்லாம் பூட்டிய பின் மரத்துக்குள் ஃபீட் இழுத்த மின்னோட்டம் 11 ஆம்பியராக இறங்கியது. சுவிட்சில் இழப்பு 0.2 வோல்ட். பழைய கார்டே வேலை செய்கிறது. தண்டவாளத்தை ஒவ்வொரு மாலையும் துடைப்பதும், திசை மாற்றும் முன் சுவிட்சை நடுநிலையில் நிறுத்தி மோட்டார் ஓயும்வரை காத்திருப்பதும் இப்போது இயந்திரத்தை ஓட்டுபவரின் வேலையில் சேர்ந்திருக்கின்றன.