பூச்சியம் எண்டு போடுங்கோ

2022 ஆவணியில், வீடுகளில் சாப்பாட்டு நிலையைக் கேட்டுப் பதியும் கணக்கெடுப்புக்காக இலங்கையின் வடக்கில் தருமபுரம், விசுவமடுப் பக்கம் டப்லெட்டும் கையுமாகத் திரிந்ததில் எத்தனையோ வீடு பார்த்தாச்சு, முகங்கள் எல்லாம் கலந்துபோய்விட்டன. ஒரு அக்காவின் பதில் மட்டும் இன்னும் போகவில்லை.

கேள்வி இதுதான்: கடந்த 7 நாட்களில், பிள்ளைகள் சாப்பிடவேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் தங்கள் சாப்பாட்டைக் குறைத்த நாட்கள் எத்தனை? அவ யோசிக்கவே இல்லை. "அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி, பூச்சியம் எண்டு போடுங்கோ." போட்டேன். படிவத்தை அனுப்பியும் விட்டேன். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது (சீனி எனக்கு மட்டும்தான் வந்தது) "சாப்பிட்டாச்சோ அக்கா" என்று சும்மா கேட்டேன். "பிள்ளையள் முதல் தின்னட்டும், மிஞ்சினா எனக்கு. தாய் எண்டா எப்பவும் அப்பிடித்தானே, அதென்ன புதுசே?"

அப்போ அது பூச்சியம் இல்லை, 7. சாப்பாட்டுக்குப் படும் பாட்டை அளக்கும் அந்த ஐந்து கேள்விகளில் இதற்குத்தான் கூடிய எடை, 3. 7 நாளென்றால் 21 புள்ளி; புள்ளி கூடக்கூடத் திண்டாட்டமும் கூட என்று கணக்கு. மேற்பார்வையாளருக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் திருத்தியிருக்கலாம். எடுக்கவில்லை. சொன்னதைத்தான் பதியவேண்டும், வாயில் பதிலைத் திணிக்கக்கூடாது என்றுதானே பயிற்சியில் படிப்பித்தார்கள். அது சரியான விதிதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் விதியை நினைத்துப் பேசாமல் இருந்தேனா, இன்னும் நாலு வீடு கிடக்கிறதே என்று இருந்தேனா?

அவவின் வீட்டைச் சுற்றி வயல்தான். அரிசி கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம், அவ கடையில் கடன் கொப்பியில் எழுதிக் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கினா. முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் விளைச்சல் விழுந்து, வயல்காரர் களை பிடுங்கக் கூப்பிடுவதையும் குறைத்துவிட்டார்கள். அறுவடைக்கு எப்போதோ மெசின் வந்துவிட்டது. நெல்லு இருக்கிற ஊரில் பசி எப்படி என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் கேட்டார். நெல்லு ஊரில் இருந்தென்ன, அவவின் கையில் கூலி இல்லையே. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள், கரண்ட் பில்லுக்குத் தவணை சொல்லலாம் ஆனால் ஒருநாள் வெட்டிவிடுவார்கள், பள்ளிக்கூடக் கொப்பி வாங்காமல் விடமுடியாது. ஒருவருக்கும் தெரியாமல் குறைக்கக்கூடியது தன் சோறு மட்டும்தான். அதையும் குறைக்கிறேன் என்று அவ நினைக்கவில்லை, வழக்கம் என்றே நினைத்தா.

நாட்டில் 10 குடும்பங்களில் கிட்டத்தட்ட 3 சாப்பாட்டுக்குத் திண்டாடுவதாக அந்த வருடம் உலக உணவுத் திட்டம் சொன்னது. இப்படியான பூச்சியங்கள் அதற்குள் எத்தனையோ என்று யோசிப்பேன். இல்லாவிட்டால், என் ஒரு பிழையைப் பெரிதாக்கி நாடு முழுக்கப் பூசிப் பார்க்கிறேனோ என்னவோ.

அடுத்த நாளிலிருந்து கேள்வியை விளக்கத் தொடங்கினேன். "வழக்கமா கடைசியாச் சாப்பிடுறதையும், மிச்சம் இல்லாட்டி விடுறதையும் சேர்த்துச் சொல்லுங்கோ அக்கா." எண்கள் 5, 6, 7 என்று ஏறின. இரண்டாம் நாள் பின்னேரம் மேற்பார்வையாளர் கோல் எடுத்தார்: உங்கட பகுதி மட்டும் ஏன் திடீரெண்டு கூடுது? விளக்கிச் சொன்னேன் என்றேன். "விளக்கவேண்டாம். எழுதியிருக்கிறதை வாசியுங்கோ, காணும்."

மூன்றாம் நாள் வாசித்தேன். 0, 1, 0, 0.