கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

கடலூரில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வருபவர்கள் எல்லோரும் 18 வயதைத் தாண்டியவர்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் ஒன்று இருக்கும். ஊரில் இதை ‘ஆயா வேலை’ என்பார்கள். ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது, உடுத்திவிடுவது. முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யார் வேகமாகச் செய்து முடிக்கிறார்களோ அவர்களே கெட்டிக்காரர்கள் என்று.

அந்த நினைப்பை மாற்றியவரை இங்கே மஞ்சப்பை அண்ணன் என்று சொல்கிறேன். மாற்றுச் சட்டை ஒன்றை மடித்து வைத்த மஞ்சள் துணிப்பை இல்லாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டமாட்டார். வயது 38, என்னைவிட மூத்தவர். ஆனாலும் மையத்தில் பலர் அவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அம்மா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் கூட்டி வருவார். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் அண்ணனுக்குப் பேச்சு கிடையாது.

அவருக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுப்பது என்று சிறப்பாசிரியர் முடிவு செய்தார். அதுவரை 38 வருடமும் அம்மாதான் போட்டுவிட்டிருக்கிறார். நான் முதல் படியிலிருந்து தொடங்கப் போனேன். “அப்படியில்ல, கடைசிப் படியிலேர்ந்து வாங்க” என்றார் ஆசிரியர். அதாவது பட்டனை நாமே காஜாவுக்குள் பாதி நுழைத்துவிட வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பாதியைப் பிடித்து இழுப்பது மட்டும் அவர் வேலை. இழுத்தால் பட்டன் மாட்டிக்கொள்ளும், வேலை முடிந்துவிடும். முடித்தது அவர்தான். அது பழகிய பிறகு பட்டனைக் காஜா வாயில் வைத்துக் கொடுப்போம். அப்புறம் கையில் கொடுப்போம். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது.

எதிரில் உட்காரக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். எதிரில் இருந்தால் என் வலது கை அவருக்கு இடது பக்கமாகத் தெரியும். வயிற்றுக்கு நேராக இருக்கும் பட்டன்தான் முதல், ஏனென்றால் அதுதான் குனிந்தால் கண்ணுக்குத் தெரியும். “இழுங்கண்ணா” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அந்தப் பத்து எண்ணுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு வரவே இல்லை. ஐந்து எண்ணுவதற்குள் என் கை தானாகப் போய்விடும். அவர் விரல் அப்போதுதான் கிளம்பியிருக்கும், என் கையைக் கண்டதும் நின்றுவிடும். பல நாள் கழித்துத்தான், அவரை நிறுத்துவது நான்தான் என்று புரிந்தது. அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கையை அடக்கத் தெரிந்தும் கண்ணைத் திறக்காமல் விட்ட ஒரு தவறு உண்டு. சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார், இடது கன்னத்தில் தானே அறைந்துகொண்டார். குறிப்பேட்டில் மூன்று நாளும் ‘அடம்’ என்று எழுதினேன். நான்காம் நாள் வாய் துடைக்கும்போது பார்த்தேன், கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. அந்த வலியோடு மூன்று நாள் இருந்திருக்கிறார், நான் சோற்றைக் குழைத்துக் குழைத்து ஊட்டப் பார்த்திருக்கிறேன். பேச்சு வராத ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் பல், காது, வயிறு, மலச்சிக்கல் எல்லாம் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ‘அடம்’ என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வலிப்பு வரும்போதும் கையை அடக்கும் கதைதான். ஒருமுறை வாசலில் அவருக்கு வலிப்பு வந்தது. ஓடி வந்த ஆட்டோக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். நல்ல மனசுதான், ஆனால் இரும்பால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக்கூடாது, அமுக்கிப் பிடிக்கக்கூடாது. தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

காற்று பலமாக அடித்தால் மேஜைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வார். 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கரை கடந்தபோது வீட்டுக் கூரை போனதிலிருந்து இப்படி என்று அம்மா சொன்னார். நான் வெளியே இழுப்பதில்லை. கீழே பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

அம்மாவுக்கு 70 நெருங்குகிறது. “எனக்கப்புறம் யாரும்மா?” என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். மகனுக்கு 18 வயது முடிந்தால் பெற்ற தாயும் சட்டப்படி பாதுகாவலராக விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுதான் அதை முடிவு செய்யும். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தோம். ஆனால் அவர் கேட்டது காகிதத்தைப் பற்றி இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட யாராவது கிடைக்கலாம். பட்டனை அவரே போடட்டும் என்று பத்து வரை எண்ணக்கூடியவர் கிடைப்பாரா? என்னிடம் பதில் இல்லை. ஆதலால் அண்ணனுக்குத் தெரிந்த வேலைகளைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

கழுத்துப் பட்டனைத் தவிர மற்றதெல்லாம் ஐந்தாவது மாதம் வந்துவிட்டது. அன்று மாலை அழைத்துப்போக வந்த அம்மாவின் கை, பழக்கத்தில் சட்டைக்குப் போனது. அண்ணன் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

இப்போது தட்டு கழுவுவதைத் தொடங்கியிருக்கிறோம். தேய்ப்பதும் அலசுவதும் நான். கழுவிய தட்டைக் கூடையில் கவிழ்த்து வைப்பது அவர்.