ஃபிலிசூர் வரைக்கும் ஒரே இறக்கம்னு சொன்னது யாருப்பா?

சுவிட்சர்லாந்துல டாவோஸுக்கு மேல இருந்து ஃபிலிசூர் கிராமம் வரைக்கும் போற ஆல்ப்ஸ் எபிக் ட்ரெயில்ல நானும் ஃப்ரெண்டும் மவுண்டன் பைக் ஓட்டப் போனோம், அந்தக் கதைதான் இது. மொதல்ல வண்டி எடுத்த வாடகை சைக்கிள் கடை கதையைக் கொட்டிடறேன், இல்லன்னா மத்த எதையும் நிம்மதியா எழுத முடியாது. டாவோஸ்ல நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி, அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வச்ச சைக்கிள், ஒரு நாள் வாடகை நூறு பிராங்கை ஒட்டித்தான் வருது, நாங்க கேட்ட எல்லாக் கடையிலயும் கிட்டத்தட்ட அதே ரேட்டுதான், அதுல எனக்கு சண்டையே இல்ல, சுவிஸ்ல எது மலிவு. ஆனா இந்த மனுஷன் ஹெல்மெட் தனி, முட்டி கார்டு தனி, டேமேஜுக்கு இன்சூரன்ஸ் தனின்னு ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே போனாரு. சரி, பரவாயில்லன்னு கட்டியாச்சு. சாயங்காலம் சேறும் சகதியுமா வண்டியைத் திருப்பிக் குடுக்கப் போனா டார்ச் அடிச்சு பிரேக்கைப் பாக்குறாரு, பேட் தேஞ்சிருக்கு, புதுசுக்கு காசு குடுங்கறாரு. ஆயிரத்து ஐநூறு மீட்டர் உயரம் இறங்கி வந்திருக்கோம், பேட் தேயாம வளருமா? இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டினேன்னு கேட்டா அது உடைஞ்சா மட்டும்தானாம், தேய்மானத்துக்கு இல்லையாம். ஃப்ரெண்டு தனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஜெர்மன்ல சண்டை போட்டான், ஒண்ணும் வேலைக்காகல, கட்டிட்டுத்தான் வந்தோம். ஒரு நல்ல ராத்திரி சாப்பாட்டுக் காசு போச்சு. போறவங்க வண்டி எடுக்கும்போதே ரெண்டு பக்கமும் பேடை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பேட், டயர், பஞ்சர் இதெல்லாம் யார் கணக்குன்னு வாயைத் திறந்து கேட்டுடுங்க.

சரி, இப்ப ட்ரெயிலுக்கு வரேன். ஆல்ப்ஸ் எபிக் ட்ரெயில், கிழக்கு சுவிஸ்ல கிராவுபுண்டன் மாநிலத்துல. இம்பான்னு சொல்ற சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் 'எபிக்'னு பட்டம் குடுத்த பாதை. டாவோஸுக்கு மேல யாகோப்ஸ்ஹார்ன் உச்சியில 2590 மீட்டர்ல ஆரம்பிச்சு ஃபிலிசூர் கிராமத்துல முடியும், சுமார் 40 கிலோமீட்டர், ஃபிலிசூர் ஆயிரத்து சொச்சம் மீட்டர்ல இருக்கு. இந்தக் கணக்கைப் பாத்துட்டு எல்லாரும் ஒரே இறக்கம்னு முடிவு பண்ணிடறாங்க, எங்களுக்கும் அப்படித்தான் ஒருத்தர் ஆசை காட்டினாரு. நடுவுல இருக்கிற ஏத்தத்தைப் பத்தி அவர் மூச்சு விடல.

ஜூரிக்ல இருந்து ரயில், லாண்ட்குவார்ட்ல மாறணும், டாவோஸ் பிளாட்ஸ்ல இறங்கணும், இதுல சொல்ல ஒண்ணுமே இல்ல, நிமிஷம் பிசகாம போய்ச் சேந்துடும். பாதி விலை கார்டு மட்டும் கண்டிப்பா வாங்கிடுங்க, அது இல்லாம சுவிஸ் ரயில் டிக்கெட் வாங்கினா மயக்கமே வரும். சொந்த சைக்கிள் கொண்டு போனா அதுக்கும் தனி டிக்கெட்.

காலையில மொத கேபிள் காரைப் பிடிச்சிடணும். இஷால்ப்ல ஒரு மாத்தல், அப்புறம் நேரா உச்சி. மேல மரமே கிடையாது, கல்லும் புல்லும்தான், ஆகஸ்ட்லயும் காத்து காதைக் கிழிக்குது, கையுறை இல்லாம பிரேக் பிடிக்க முடியாது. பாதை முகட்டை ஒட்டியே போகுது, சில இடத்துல ஹேண்டில்பார் அகலம்தான் இருக்கும், ஒரு பக்கம் சடார்னு பள்ளம். தொழில்நுட்பமா பாத்தா அவ்வளவு கஷ்டம் இல்ல, ஒத்தையடிப் பாதையோட கஷ்டத்தை எஸ்0ல (சுலபம்) இருந்து எஸ்5 (ரொம்பக் கஷ்டம்) வரைக்கும் பிரிக்கிற சிங்கிள் ட்ரெயில் அளவுல பெரும்பாலும் எஸ்1, எஸ்2தான்னு எனக்குப் பட்டுது. பயம் எல்லாம் கண்ணுக்குத்தான், சக்கரத்துக்கு இல்ல. நடந்து போறவங்களும் இதே பாதையிலதான் வர்றாங்க, கிராவுபுண்டன்ல ரெண்டு பேருக்கும் பொதுப் பாதைங்கறதால மணி கட்டிக்கிட்டு, ஆளைப் பாத்ததும் வேகம் குறைச்சு, ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போனா ஒரு பிரச்சினையும் இல்ல. சிவப்பு போர்டு சைக்கிளுக்கு, மஞ்ச போர்டு நடக்கறவங்களுக்கு. சிவப்பையே பாத்துட்டுப் போனா போதும், மேப் தேவையே படாது.

இப்ப அந்த ஏத்தம். ஸெர்டிக் பள்ளத்தாக்கைத் தாண்டினதும் ஆரம்பிக்குது, ஒரே பெரிய மலையா இருந்தாக்கூட மனசைத் தயார் பண்ணிக்கலாம், இது அப்படி இல்ல, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், இப்ப முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது ஒரு வளைவு, அதுக்குப் பின்னாடி இன்னொரு மேடு. பதினஞ்சு கிலோ வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறேன், அறுபது வயசைத் தாண்டின ஒரு தம்பதி எலக்ட்ரிக் சைக்கிள்ல பேசிச் சிரிச்சுக்கிட்டே எங்களைத் தாண்டிப் போறாங்க. எலக்ட்ரிக் சைக்கிள்காரங்களைப் பத்தி முன்னாடி நிறைய கிண்டல் பண்ணியிருக்கேன், இனிமே பண்றதா இல்ல, ஆனா அந்த வாடகைக்கு மனசும் வராது.

காட்டுக்குள்ள நுழைஞ்சதும் எல்லா எரிச்சலும் போச்சு. டாவோஸ் பக்கம் மரங்க ரெண்டாயிரம் மீட்டருக்கு மேலயே ஆரம்பிக்குது, மொதல்ல லார்ச்சும் ஆர்வென்னு சொல்ற ஆல்ப்ஸ் பைனும், கீழ போகப் போக ஸ்ப்ரூஸ் அடர்ந்த காடு. தரை பூரா ஊசி இலை, டயர் சத்தமே கேக்காது, ஆனா நடுநடுவுல வேரு. காஞ்ச வேரு ஒண்ணும் பண்ணாது, முந்தின நாள் மழையில நனைஞ்ச வேரு வழுக்கி விட்டுடும், அதுவும் குறுக்கால சாஞ்சு கிடந்தா முன் சக்கரம் எங்க போகும்னே தெரியாது. வேருக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு, வேரு மேல பிரேக்கைத் தொடாம, உடம்பைத் தளர்த்தி விட்டுடணும். சொல்றது சுலபம். கொண்டை ஊசி வளைவு வரிசையா வர்ற ஒரு இறக்கத்துல விரல் ரெண்டும் மரத்துப் போய், நிறுத்தி கையை உதறி உதறித்தான் இறங்கினோம். அதுதான் இந்தப் பயணத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச துண்டு, கல்லும் வேரும் மண்ணும் மாறி மாறி வந்து ஒரு நிமிஷம்கூட வேற எதையும் யோசிக்க விடல.

நாய் விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், யாரும் எங்களுக்குச் சொல்லல. இந்தப் பக்கம் ஓநாய் திரும்பி வந்துடுச்சு, 2012ல சூர் நகரத்துக்குப் பக்கத்துல கலாண்டா மலையிலதான் சுவிஸோட மொத ஓநாய்க் கூட்டம் குட்டி போட்டுது. அதனால ஆட்டு மந்தைக்கு வெள்ளையா பெரிய காவல் நாய் விட்டிருக்காங்க. அது பாட்டுக்கு குரைச்சுக்கிட்டு நேரா வரும். வண்டியை விட்டு இறங்கி, சைக்கிளை நடுவுல வச்சுக்கிட்டு, மெதுவா நடந்து மந்தையைச் சுத்திப் போயிடணும், மிதிச்சுத் தப்பிச்சுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. கன்னுக்குட்டி இருக்கிற மாட்டுகிட்டயும் அதே மரியாதைதான், திறந்த கேட்டை மூடிட்டுப் போங்க.

மோன்ஷ்டைன். இந்த ஊருக்காகவே திரும்பப் போவேன். ஆயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்துல வெயில்ல கறுத்துப்போன மர வீடுங்க, வால்சர்னு சொல்ற ஜனங்க உண்டாக்கின ஊரு, ஊருக்குன்னு சொந்தமா ஒரு பீர் ஆலை வேற. அங்க கபூன்ஸ் சாப்பிட்டோம். 'ஸ்பெட்ஸ்ல'ன்னு சொல்ற முட்டை நூடுல்ஸ் மாவுல காஞ்ச இறைச்சியைப் பொடியா நறுக்கிப் போட்டு, பெரிய கீரை இலையில கொழுக்கட்டை மாதிரி சுருட்டி, பாலும் சூப் சாறும் கலந்த தண்ணியில வேக வச்சு, மேல மலைச் சீஸைத் தூவி சூடா கொண்டு வர்றாங்க. பாக்க ஒண்ணும் பெருசா இல்ல, பச்சையா ஏதோ மிதக்குது. வாயில வச்சதும் ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டோம். விலை முப்பது பிராங்கைத் தொடுது, கேட்டா நெஞ்சு அடைக்கும், ஆனா இந்த ஊர்ல நான் குடுத்த காசுலயே வயித்தெரிச்சல் இல்லாம குடுத்தது இது ஒண்ணுதான். தண்ணிக்கு மட்டும் காசு குடுக்காதீங்க, ஊருக்கு ஊர் மரத்தொட்டிக் குழாய்ல சில்லுனு ஓடுது, குடிக்கக் கூடாதுன்னா போர்டு வச்சிருப்பாங்க. மதியச் சாப்பாட்டை ரெஸ்டாரண்ட்ல ஒரு வேளை வச்சுக்கிட்டு மிச்சத்தை சூப்பர் மார்க்கெட் ரொட்டி, சீஸ்னு ஓட்டினாத்தான் பட்ஜெட் தாங்கும். நாங்க அப்படித்தான் ஓட்டினோம்.

முந்தின நாள் ராத்திரி டாவோஸ்ல சாப்பிடப் போன இடத்துல நாங்க தமிழ் பேசறதைக் கேட்டு சமையல்கட்டுல இருந்து ஒரு அண்ணன் வெளிய வந்தாரு, யாழ்ப்பாணம், இங்க வந்து பல வருஷம் ஆச்சாம். "தம்பி, மத்தியானத்துக்குப் பிறகு இடி வரும், அதுக்கு முதல் காட்டுக்குள்ள இறங்கிடுங்கோ, மேல நிண்டுடாதேங்கோ"ன்னாரு. போன்ல இருந்த வெதர் ஆப் வெயில்னு சொல்லிச்சு. அண்ணன் சொன்னதுதான் நடந்தது. ஃபிலிசூர் ஸ்டேஷன் கூரைக்குக் கீழ நாங்க ஒதுங்கவும் மழை கொட்டவும் சரியா இருந்துது.

திரும்பி டாவோஸுக்கு ரேடியன் ரயில்வே வண்டி, சைக்கிளை மாட்டி வச்சுட்டு ஜன்னல்கிட்ட உக்காந்துடுங்க. வீசன் வயடக்ட்ங்கற உயரமான ரயில் பாலம் வரும், 1909ல திறந்தது, ஆத்துக்கு மேல கிட்டத்தட்ட 89 மீட்டர், அந்த நடு வளைவு மட்டும் 55 மீட்டர். எல்லாரும் போட்டோ எடுக்கறது ஃபிலிசூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாண்ட்வாஸர் பாலத்தை, அது 1902ல கட்டி முடிச்சது, வளைஞ்சு போய் நேரா பாறைச் சுரங்கத்துக்குள்ள நுழையும். அதுவும் அழகுதான், ஆனா எனக்கு வீசன்தான்.

அடுத்த நாள் லென்ட்ஸர்ஹைட பைக் பார்க். 2018ல மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் நடந்த ஊரு, இதே மாநிலத்துக்காரர் நினோ ஷுர்ட்டர் சொந்த ஜனங்க முன்னாடி ஜெயிச்ச இடம். ஆசையாத்தான் போனேன். லிஃப்ட்ல ஏறு, வளைவு வளைவா இறங்கு, திரும்ப ஏறு. வளைவுக்கு முன்னாடி எல்லாரும் பிரேக் பிடிச்சு பிடிச்சு தரை குண்டும் குழியுமா ஆகி பல்லு ஆடுது, பத்து வயசுப் பசங்க என் தலைக்கு மேல தாவிப் போறாங்க. புதுசா கத்துக்கறவங்களுக்கு அருமையான இடம், ஃப்ளோ லைன்ங்கற சுலபமான பாதையில ஆரம்பிங்க. நாள் பாஸ், வாடகை எல்லாம் கூட்டிப் பாத்தா அந்தக் காசுக்கு எபிக் ட்ரெயிலை இன்னொரு தடவை போயிருக்கலாம்னுதான் தோணிச்சு.

எப்போ போகலாம்னா, ஜூன்ல மேல பனி மிச்சம் இருக்கும், ஜூலை ஆகஸ்ட்ல மதிய இடி, அதனால செப்டம்பர்தான் என் ஓட்டு. போறதுக்கு முன்னாடி கேபிள் கார் எந்தத் தேதி வரைக்கும் ஓடுதுன்னு பாத்துக்கோங்க, அது நின்னுட்டா 2590 மீட்டர் உச்சி வரைக்கும் நீங்கதான் மிதிக்கணும். டாவோஸ்ல தங்கினா விருந்தினர் கார்டு குடுப்பாங்க, உள்ளூர் பஸ் இலவசம், அதை ரிசப்ஷன்ல கேட்டு வாங்குங்க, எங்க ஓட்டல்ல அவங்களா எடுத்துக் குடுக்கல.