அப்புச்சி தோட்டத்தில் ஒயின் டூர்

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஊட்டி போரடித்துவிட்டதாம். "இங்க திராட்சை எங்க விளையுது மச்சான்?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். அடிலெய்டு பக்கம் பரோசா பள்ளத்தாக்கு இருக்கிறதல்லவா, லீவு விட்டால் அங்கே தோட்டம் தோட்டமாகப் போய் ஒயினை ருசி பார்த்துவிட்டு வருவார்கள். நமக்குக் காதுகுத்து விருந்து மாதிரி.

சரி என்று வடவள்ளி, தொண்டாமுத்தூர் வழியாக நரசீபுரத்தில் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். வெள்ளியங்கிரி மேல் மேகம் படுத்துக் கிடந்தது. மாப்பிள்ளை அடிக்கொருதரம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். மனைப்பிரிவு போர்டு விழாமல் மலையை ஒரு படம் எடுப்பதற்குள் மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே!

சாளைக்கு, அதான் தோட்டத்து வீட்டுக்கு, போய் விஷயத்தைச் சொன்னதும் அமுச்சி, அப்புச்சியின் வீட்டுக்காரி, முகம் சுருங்கியது.

"அமுச்சி, நாங்க குடிக்க மாட்டோமுங்க. வாயில வெச்சு ருசி பாத்துட்டுத் துப்பிருவோம்."

"காசு குடுத்துப் போட்டா துப்பறீங்க?"

"ஆமாங்க."

அமுச்சி உள்ளே போய்த் தன் வெற்றிலைப் படிக்கத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "கழுவித்தான் வெச்சிருக்கறேன் மாப்ள. சங்கோசப்படாமத் துப்புங்க."

பன்னீர் திராட்சையைப் பிழிந்து எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அதைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார். வேலையாட்கள் எல்லாம் கூடை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். "ரோஜா வாசம் வருது... கொஞ்சம் மழை பெஞ்ச மண்ணு... கடைசியா ஏதோ செம்பு மாதிரி..."

"மயில்துத்தமுங்க," என்றார் அப்புச்சி. "செம்பு மருந்துதான், கொடிக்குச் சுண்ணாம்பு கலந்து அடிச்சிருக்குது."

படிக்கம் அப்போதுதான் பயன்பட்டது. அமுச்சி கழுவாமலா பிழிவாள்? கிழவருக்குக் குசும்பு.

ஆனால் வாய் கொப்பளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை சொன்ன கதை அவரையே உட்கார வைத்துவிட்டது. அந்த மருந்துக்குப் போர்டோ கலவை என்று பேர் வந்ததே பிரான்சில் இருக்கும் போர்டோவால்தானாம். ரோட்டில் போகிறவர்கள் திராட்சையைப் பறிக்கிறார்கள் என்று ஓரத்துக் கொடிகளில் மட்டும் அங்கத்தி விவசாயிகள் இதைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-ல் கலவையை வெளியிட்டாராம்.

"அங்கியும் ரோட்டுல போறவன் பறிப்பானா!" அப்புச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிரெஞ்சுக்காரன் ஒரே நொடியில் பங்காளி ஆகிவிட்டான்.

அப்புறம் பந்தலுக்குள் நடை. அங்கே கொடியை வேலி மாதிரி வரிசையாகக் கட்டுவார்களாம். இங்கே கல்தூண் மேல் கம்பிப் பந்தல், ஆறடி மாப்பிள்ளை குனிந்துகொண்டே வந்தார். பரோசாவில் 1843-ல் நட்டதாகச் சொல்லும் ஷிராஸ் கொடி இன்னும் காய்க்கிறது என்றார், அப்புச்சி தலையாட்டினார். குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும், வருஷத்துக்கு ஒரே அறுவடை என்றபோதுதான் நின்றுவிட்டார். நம் ஊரில் கொடி தூங்குவதில்லை, கவாத்து பண்ணப் பண்ணக் காய்க்கும்.

"ஒரே வெள்ளாமையா? அதுதான் மிச்ச நாளெல்லாம் டூர் உடறானுங்க."

கடைசியாக மாப்பிள்ளை சொன்ன விஷயந்தான் வினையாகப் போனது. ஃபைலாக்செரா என்று வேரைத் தின்னும் பூச்சி ஒன்று, ஐரோப்பாவில் தோட்டந்தோட்டமாக அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று, கொடிப்பக்கம் நடக்காதீர்கள் என்றே அங்கே போர்டு வைத்திருக்கிறார்களாம். அப்புச்சி மாப்பிள்ளையின் ஷூவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அமுச்சி போன் பண்ணினாள். தோட்டத்தை மனை போடக் கேட்டு அலைகிற புரோக்கர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தாராம். "வேர்ப்பூச்சி வந்துருமுங்க, கழட்டிப் போட்டு வாங்க," என்றாராம் அப்புச்சி. வாசலிலிருந்து பந்தல் வரைக்கும் நெருஞ்சி. புரோக்கர் பாதி வழி கூட வரவில்லையாம்.

போனைப் பிடுங்கி அப்புச்சியே பேசினார். "அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு மாப்ளயக் கேட்டு வாட்சப்புல போடு கண்ணு. இங்கிலீசுலயே இருக்கட்டும்."