கடைசி ஹஸ்துருபல்

எங்கள் வரலாற்று சேர் காலமான செய்தி நம் வட்ஸ்அப் குழுவில் வந்த இரவு, மொன்றியலிலிருந்து ஒருவன் தனியாக எழுதியிருந்தான்: “டேய் கடைசி ஹஸ்துருபல், பாத்தியா?”

எங்கள் ஏ.எல். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர். வட ஆபிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரிலும் இதே தொல்லைதான் என்பார் சேர். பாகால் தெய்வத்தின் பெயரை ஒட்டி ஹானிபல், ஹஸ்துருபல், மகர்பல் என்று பிள்ளைகளுக்கு வைப்பார்கள்; பாட்டன் பெயர் பேரனுக்கும் வரும். அதனால் மூன்று ஹஸ்துருபல்களை எங்களுக்குப் பங்கிட்டார். முதலாமவன் கார்த்தேஜின் பெரிய தளபதி ஹானிபலின் தகப்பன் ஹமில்காரின் மகளைக் கட்டியவன், ஸ்பெயினில் கார்ட்டஜீனா நகரை நிறுவியவன். இரண்டாமவன் ஹானிபலின் தம்பி. கி.மு. 207இல் மெத்தாரஸ் ஆற்றங்கரையில் விழுந்தான். உரோமர் அவன் தலையை அண்ணனின் பாசறைக்கு முன்னால் எறிந்தார்கள். சரி, வீரச் சாவு.

எனக்குக் கிடைத்தவன் கி.மு. 146இல் கார்த்தேஜ் நகரம் எரியும்போது உரோமத் தளபதி ஸ்கிப்பியோவின் காலில் விழுந்தவன். அவன் மனைவி எரியும் கோயிலில் நின்று அவனைத் திட்டித் தீர்த்து, பிள்ளைகளைக் கொன்று தீயில் போட்டு, தானும் குதித்தாள். அந்தத் திட்டை சேர் நடித்தே காட்டினார். சோக்குத் தூள் படிந்த சுட்டுவிரல் என் மூக்குக்கு நேரே. கடைசி வாங்கில் இருந்ததைத் தவிர நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. பெட்டைகள் பக்கமும் சிரித்ததுதான் தாங்க முடியவில்லை.

அந்த வீம்பில்தான் உரோமும் கார்த்தேஜும் மோதிய பியூனிக் போர்களை வரி விடாமல் படித்தேன். இதற்கு நன்றி சொல்வதா, வழக்குப் போடுவதா?

ஓரிடத்தில் மட்டும் சேர் பகிடி விடவில்லை. கி.மு. 202இல் ஸாமாவில் தோற்றபின், உரோமரின் சமாதானத்தை எதிர்த்துப் பேசியவனை ஹானிபல் மேடையிலிருந்து இழுத்து இறக்குகிறான். சபை கொதிக்கிறது. ஒன்பது வயதில் போனவன், முப்பத்தாறு வருடம் கழித்து வந்திருக்கிறேன், போர் தெரியும், ஊர் வழக்கம் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்கிறான். சேர் அதை இரண்டு தரம் சொன்னார். நாங்கள் அதற்கும் சிரித்தோம். யார் யார் எந்த நாட்டுக்குப் போவோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். முன்பென்றால் படலையில் நின்று “சேர்” என்று கூப்பிட்டால் போதும். இப்போது போன் எடுத்துவிட்டுப் போவதா, என்ன கொண்டுபோவது, காசு கொடுத்தால் கோபிப்பாரா என்று யோசித்தே லீவு முடிந்தது. அடுத்த முறை பார்ப்போம் என்று பிளேன் ஏறிவிட்டேன்.

பழைய மாணவர் சங்கம் அவர் பெயரில் வரலாற்றுப் பரிசு வைக்கக் காசு சேர்க்கிறது. என் பங்கை முதல் ஆளாக அனுப்பிவிட்டேன்.